சிவப்பு வட்டம்

நிமிஷா ஒரு வருஷமாக ஒரு வரைபடத்தைக்கூடக் கல்லூரியில் கொடுக்கவில்லை. கோட்டயத்தில் எங்கள் கட்டடக்கலைக் கல்லூரியில் அவளைப் போல் கோடு இழுக்க ஆள் கிடையாது. ஆனால் மயிரிழை பிசகினாலும் தாளைக் கிழித்துவிடுவாள். ஹாஸ்டலில் அவளுடைய அறைத்தோழி நான். குப்பைக்கூடையைக் கொட்டுவதும் நான்தான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேற்றவென்று குரியாக்கோஸ் சார் தனி வகுப்பு ஆரம்பித்தார். தப்போடு கொண்டு வரலாம், மதிப்பெண் கிடையாது.

"எடீ, சார் சும்மா பாக்கத்தான் போறாராம். கொண்டு போய்க் குடு," என்றேன்.

"தப்பு கண்ணைக் குத்துதுடி."

"குத்தட்டும். அவிஞ்சா போயிடும்?"

கெஞ்சியும் திட்டியும் ஒருவழியாக அழைத்துப் போனேன். தாளை மேசையில் வைத்தாள். சின்ன வீடு ஒன்று வரைந்திருந்தாள்.

"நல்லாருக்கே மோளே. இந்தத் தைரியத்தைத்தான் கேட்டேன்," என்றார் சார். நிமிஷா சிரித்தாள்.

பேசிக்கொண்டே சார் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். வாத்தியார் கை, சும்மா இருக்காது. மாடிப்படியைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இங்க மட்டும் தலை இடிக்கும். மத்தபடி பயப்படாதே."

நிமிஷா அந்த வட்டத்தையே பார்த்தாள். பிறகு தாளைச் சுருட்டினாள்.

"திருத்திக் கொண்டு வரேன், சார்."

"பாத்தியா, மாறிட்டா," என்று என்னிடம் பூரித்தார், மனுஷர்.

மறுநாள் நான் வகுப்பு முடிந்து வந்தபோது அவள் பெட்டியோடு ஊருக்குப் போயிருந்தாள். திரும்பி வரவேயில்லை. வீடு கூடையில் துண்டு துண்டாகக் கிடந்தது. சிவப்பு வட்டத்தை மட்டும் வெட்டியெடுத்துத் தன் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள். வெட்டு மயிரிழைகூடப் பிசகவில்லை.