வாசலில் இறக்கிய பெட்டி

மாலக்கி டான்சி வாக்குக் கொடுத்தது ஏப்ரல் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அதை மீறியது அடுத்த வாரத்து வியாழக்கிழமை. ஒன்பது நாள்கூடத் தாங்காத வாக்கு என்ன வாக்கு என்று பிற்பாடு அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார்.

மாலக்கி கத்தோலிக்கர்; வாக்குக் கேட்ட பக்கத்துப் பண்ணைக்காரர் ஹெர்பர்ட் ஷெரா புராட்டஸ்டன்ட். நெஞ்சில் நீர் கோத்து, தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். கனடாவிலிருந்து கப்பலேறி வந்திருந்த மகள் மேபல், இருவருக்கும் தேநீர் வைத்துவிட்டுக் கீழே போனாள்.

"எங்க ஆளுங்கள எண்ணிப் பாத்தேன், மாலக்கி. என் சவப்பெட்டியத் தூக்க நாலு பேருகூடத் தேறல. பாதிப் பேரு கனடா, மீதி பெல்ஃபாஸ்ட். இருக்கிற மூணு பேருல ஒருத்தனுக்கு இளைப்பு, ஒருத்தனுக்குக் கண்ணு தெரியாது."

"எங்காளுங்க மட்டும் இங்கயா குந்தியிருக்கானுங்க? எல்லாம் லண்டன்ல மண்ணு வெட்டுறானுங்க. ஆளு வேணும்னா எங்க சாமியார அனுப்பட்டுமா?"

"அவரு வந்தா இப்பவே போயிடுவேன்." சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று. பிறகு ஹெர்பர்ட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "எங்க கோயில் வாசல்லயே எறக்கி வெச்சிடுவீங்க, இல்ல?"

"யாரு சொன்னா? உள்ள, பீடத்துக்கு முன்னாடி கொண்டாந்து வெக்கிறது என் பொறுப்பு."

"எங்க கோயிலுக்குள்ள காலு வெக்க உங்க சட்டம் விடாதேய்யா."

"மேல இருக்கிற சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

இது ஹெர்பர்ட் ஒருமுறை சொன்ன வார்த்தை. நான்கு வருஷத்துக்கு முன் மாலக்கி கால் முறிந்து கிடந்தார். வெட்டிய புல் வயலில் பரந்து கிடக்க, மழை மலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஷெரா குடும்பத்தில் ஓய்வுநாள் என்று ஞாயிறன்று ஷூவுக்குப் பாலிஷ்கூடப் போடமாட்டார்கள். அந்த மனிதர் கோயிலுக்குப் போட்ட கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, சாயங்காலம்வரை தனியாளாக அத்தனை புல்லையும் போராகக் குவித்தார். அவருடைய ஜனங்கள் வண்டியில் போகிறபோது பார்த்துக்கொண்டே போனார்கள். ஜன்னல் வழியே மாலக்கி வேண்டாமென்று கத்தியதற்குத்தான் அந்தப் பதில். அந்தப் புல் இல்லையென்றால் அந்தக் குளிர்காலத்தில் மாடுகள் செத்திருக்கும்.

அடுத்த செவ்வாய் காலை ஹெர்பர்ட் இறந்தார். புதன்கிழமை மாலக்கி சாமியார் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மகள் டிம்ப்னாவுக்கு இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பங்குச் சாமியார் கையால் நன்னடத்தைக் கடிதம் வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் கடிதம் இல்லாத பெண்ணைப் பற்றி அங்கே என்ன நினைப்பார்கள் என்று தங்கள் ஊர்ப்பக்கமான லீட்ரிமில் யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை.

ஃபாதர் டோலன் கெட்ட மனிதர் இல்லை. சிரித்த முகமாகத்தான் பேசினார்.

"கடிதம்தான? சனிக்கிழமை வந்து வாங்கிக்கோ. நல்ல பொண்ணு." கதவுவரை வந்தார். "நாளைக்கு ஷெராவோட அடக்கம்னாங்க. பக்கத்து வீட்டுக்காரன், நீ போகத்தான் வேணும். அவங்க கோயில் வாசல் எங்க இருக்குன்னு தெரியும்ல?"

"தெரியும் சாமி."

"உள்ள காலெடுத்து வெச்சா நான்கூட மன்னிக்க முடியாது பாத்துக்கோ. எனக்கு மேல இருக்கிற ஆயர்கிட்டதான் போகணும்."

வியாழக்கிழமை மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. தூக்கியவர்கள் ஆறு பேரும் கத்தோலிக்கர்கள். முன்வரிசையில் வலப்பக்கம் மாலக்கி, அவருக்குப் பின்னால் பாக்கி மல்வி. ஒன்றரை மைல் தூரம், ஓர் இடத்திலும் இறக்கவில்லை. இந்த ஆறு பேரில் ஹெர்பர்ட் கலப்பையோ காளையோ இரவல் கொடுக்காதவர் ஒருவர்கூட இல்லை. பின்னால் ஊரே வந்தது. சாமியார் வரவில்லை, அவர் வீட்டு ஆள்கூட வரவில்லை. வேவு பார்க்க ஒருவரும் இல்லை. பிற்பாடு மாலக்கியை அதிகம் அரித்தது அதுதான்.

இரும்பு வாசல் திறந்திருந்தது. அதற்கு அப்பால் சரளைக்கல் பாதை, முப்பதே கெஜம், பிறகு கோயில் கதவு. அங்கே அவர்களுடைய போதகரும் மூன்று கிழவர்களும் நின்றிருந்தார்கள்.

கால்கள் தாமாக நின்றன. யாரும் நிற்கச் சொல்லவில்லை. தூக்கியவர்கள் மாலக்கியின் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் ஓர் எட்டு வைத்திருந்தால் மற்ற ஐந்து பேரும் வைத்திருப்பார்கள். அது அவருக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று சொல்லிக்கொள்ளப் பிறகு எவ்வளவோ முயன்று பார்த்தார், முடியவில்லை.

"எறக்கலாமா?" என்று பாக்கி மெல்லக் கேட்டார்.

டிம்ப்னாவின் புதுப் பயணப் பெட்டி படிக்கட்டுக்குக் கீழே கட்டித் தயாராக இருந்ததை மாலக்கி நினைத்தார். ஆயரின் முன்னால் மண்டியிடுவதை நினைத்தார். ஊர் என்ன சொல்லும் என்பதையும் நினைத்தார், அதை ஒளிப்பானேன்.

"எறக்குங்க."

வாசலிலேயே ஈரத் தரையில் பெட்டியை வைத்தார்கள். கிழவர்கள் மூவரும் தள்ளாடி வந்தார்கள். போதகர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாலாவது மூலையைப் பிடித்தார். பெட்டி எழும்பவே இல்லை. அப்போது மேபல் குடையைச் சுருக்கித் தரையில் போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி, அப்பாவின் பெட்டிக்கு அடியில் தோளைக் கொடுத்தாள். அந்த வட்டாரத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை பெட்டி தூக்கியதில்லை. முப்பது கெஜத்துக்குள் மூன்று முறை கீழே வைத்தார்கள். இரண்டாம் முறை அவள் கால் இடறி முட்டி சரளையில் இடித்தது. வாசலுக்கு இந்தப் பக்கம் நாற்பது ஆண்பிள்ளைகள், கடப்பாறையை வளைக்கிற கைகள், தொப்பியைக் கழற்றி மரியாதையாகப் பிடித்தபடி நின்றார்கள். மாலக்கிக்குத் தன் கைகளைப் பார்க்கவே கூசியது.

உள்ளே ஏழெட்டுக் குரல்களில் பாட்டுக் கேட்டது. அவர்கள் மதிலோரம் நனைந்தார்கள். மண் தள்ளி முடிந்ததும் மேபல் வாசலுக்கு வந்து ஒவ்வொருவராகக் கை கொடுத்தாள். காலுறை கிழிந்து முட்டியில் ரத்தம் தெரிந்தது.

"இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தீங்களே மாமா," என்றாள் மாலக்கியிடம். "ரொம்ப நன்றி."

அவள் குத்திக் காட்டவில்லை. மனதாரத்தான் சொன்னாள். அறைந்திருந்தால் தேவலை என்று மாலக்கிக்குப் பட்டது.

வீட்டில் மனைவி அட்ராக்டா ஈரக் கோட்டை வாங்கி அடுப்பருகே போட்டாள். அவர் சாப்பிடாமல் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்தாள்.

"நீங்க மட்டுமா நின்னீங்க? ஊரே நின்னுச்சு."

"ஊரு வாக்குக் குடுக்கல."

"அப்ப உள்ள போயிருக்கணுமா? புள்ளைய யாரு கரையேத்துறது?"

அவள் கேட்டதிலும் தப்பில்லை.

சனிக்கிழமை கடிதம் கைக்கு வந்தது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு அதற்குப் பிறகுதான் போனார். அந்த வரிசையையும் அவர் கவனித்தார், தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கூண்டுக்குள் மண்டியிட்டு, வழக்கமான வார்த்தைகளை முடித்துவிட்டுச் சொன்னார்.

"செத்துப்போறவனுக்குக் குடுத்த வாக்க மீறிட்டேன் சாமி. ஹெர்பர்ட் ஷெராவோட பெட்டிய வாசல்லயே வெச்சிட்டேன். அந்தப் பொண்ணு தூக்கிச்சு."

கம்பித் தட்டிக்குப் பின்னால் ஃபாதர் டோலன் மூச்சை விட்டார்.

"அது பாவம் இல்ல மாலக்கி. உள்ள போயிருந்தா பாவம். குடுக்கக் கூடாத வாக்க மீறினா நல்லதுதான். சரி, பாவத்தச் சொல்லு."

"அதத்தான் சாமி சொல்றேன்."

"பாவத்தச் சொல்லுப்பா. வெளிய ஆளுங்க காத்திருக்காங்க."

மாலக்கி யோசித்தார். பசுவைக் கெட்ட வார்த்தையில் திட்டியதாகச் சொன்னார். இரண்டு நாள் ராத்திரி ஜெபம் விட்டுப்போனதாகச் சொன்னார். சாமியார் அவற்றுக்கு மன்னிப்பு வழங்கி, 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார்.

வெளியே வந்தபோது பெஞ்சில் வரிசையாக ஐந்து பேர் இருந்தார்கள். வியாழக்கிழமை பெட்டி தூக்கிய அதே ஐந்து பேர். வழக்கமாக மாதக் கடைசியில் வருகிறவர்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதலில் இருந்த பாக்கி மல்வி, எழுந்து போகாமல் மாலக்கியின் கையைப் பிடித்தார்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"பாவமே இல்லயாம்."

பாக்கியின் முகம் தொங்கிப்போயிற்று. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"அப்ப," என்றார், "நாம இத யாருகிட்டய்யா போயி சொல்றது?"