கேட்பதற்கு ஓர் இடம்

மண் சரிந்து எட்டாம் நாள்தான் சண்முகவடிவு வாய் திறந்தாள். அதுவரை, கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் மூலையில் சாக்கை விரித்துச் சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். வீடிழந்தவர்களைத் தோட்டத்தில் அங்கேதான் தங்க வைத்திருந்தார்கள்.

ஐம்பத்தேழாம் வருஷத்து மார்கழி மழை அது. இலங்கை மலையகத்தில் லிந்துலைக்கு மேலேயிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கடைசி இரண்டு காம்பராக்கள் ஒரு சாயங்காலம் மண்ணுக்குள் போயின. ஒன்றில் சிவசாமியும் அவன் மனைவி அம்மாக்கண்ணுவும் இருந்தார்கள். மற்றதில் புருஷனில்லாத சண்முகவடிவும் அவளுடைய ஐந்து வயது மகள் பூவாயியும் இருந்தார்கள். சிவசாமி அப்போது தேயிலை ஸ்டோரில் வேலையாக இருந்தான். அம்மாக்கண்ணு மேட்டிலிருந்த முனியாண்டிக்கு விளக்கு வைக்கப் போயிருந்தாள். வடிவு வெளியே ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மட்டும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது.

சாமிதான் கூப்பிட்டுக் காப்பாற்றியது என்று பார்க்க வந்தவர்களெல்லாம் அம்மாக்கண்ணுவிடம் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள். சிவசாமிக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இந்தியாவிலிருந்து பழசாகி வரும் பத்திரிகைகளைப் படித்துப் படித்து இருபது வயதிலேயே திருநீற்றை விட்டவன். இந்தப் பேச்சு வந்தால் லேசில் விடமாட்டான். இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வி கேட்டான், அதையும் மெதுவாக.

"ஒன்னயக் கூப்பிட்ட சாமி அந்தப் புள்ளைய ஏன் கூப்பிடல?"

அதற்குப் பிறகு யாராவது சாமி காப்பாற்றியதைப் பேசினால் அம்மாக்கண்ணு எழுந்து போய்விடுவாள். பூவாயிக்கு முதல் முடி எடுத்ததும் அதே முனியாண்டிக்குத்தான். அன்று பிள்ளையை மடியில் வைத்திருந்தவள் அம்மாக்கண்ணுதான்.

எட்டாம் நாள் காலை, சிவசாமியும் பக்கத்தில் இருக்கும்போது, அவள் ரொட்டியும் தேத்தண்ணியும் கொண்டுபோய் வடிவின் முன்னால் வைத்தாள். வடிவு திரும்பி, அன்றைக்குச் சாமி நிஜமாகவே கூப்பிட்டதா என்று கேட்டாள். சாமியுமில்லை ஒன்றுமில்லை, என்னமோ போகத் தோன்றியது, போனேன் என்றாள் அம்மாக்கண்ணு. அவள் வாயிலிருந்து சிவசாமி இத்தனை வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கேட்டபோது அவனுக்குச் சந்தோஷமாக இல்லை. யோசித்துச் சொன்னதல்ல, பயந்து சொன்னது.

வடிவு எழுந்து உட்கார்ந்தாள். "அப்புடிச் சொல்லாதக்கா. அது இல்லேன்னு ஆயிட்டா நா யாருகிட்டப் போயி கேப்பேன்?"

சிவசாமியிடம் பதில் இருந்தது. சரிவில் மரங்களை வெட்டச் சொன்னவர்களைக் கேட்கலாம், மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டாமல் விட்டவர்களைக் கேட்கலாம், அந்த இடத்தில் லயம் கட்டிய துரையைக் கேட்கலாம். சொல்ல வாயெடுத்தான். மண் ஏன் சரிந்தது என்பதற்கு அது சரியான பதில். அவள் கேட்பது அதையல்ல என்று புரிந்ததும் பேசாமல் இருந்துவிட்டான்.

வடிவு மழையோடு மேட்டில் ஏறினாள். அவளோடு போக அம்மாக்கண்ணுவுக்குக் கால் வரவில்லை. சிவசாமிதான் கம்பிளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

முனியாண்டிக் கல்லின் முன்னால் அவள் கைகூப்பவில்லை. இடுப்பில் கைவைத்து நின்று, பக்கத்து வீட்டாரோடு சண்டை போடுவதுபோல, மகள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டாள். சிவசாமி கம்பிளியை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றான். அவள் கேட்டு நிறுத்தும்போதெல்லாம், தன்னையறியாமல் அவனும் நிமிர்ந்து அந்தக் கல்லைப் பார்த்தான்.