திரும்பும் டிஷ் ஒன்று, திரும்பாதவை நான்கு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சத்யப்பிரியா ஒரு நாள் பையைக்கூடக் கீழே வைக்காமல், "ஏனுங்க, எங்கூட்டு மொட்டை மாடிக்குச் சண்டை நடக்குதுங்க. நீங்கதான் எழுதறவங்களாச்சே, எழுதுங்க" என்றாள். எனக்குக் கை பரபரத்தது. வீட்டுக்குப் போனதும் மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"நல்லூரில், நிட்டிங் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே ஒரு வீடு இருந்தது." (தப்பில்லை, கீழ்த்தளத்தில் பனியன் துணி பின்னும் மெஷின்கள் ஓடுகின்றன. ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் இரைச்சல் கேட்பதே இல்லை என்கிறாள் சத்யப்பிரியா. பிறந்ததிலிருந்து கேட்டால் கேட்காதுதான்.)

"அருள்செல்வன் வானத்தை நேசித்தான், ஏனென்றால்—" (நேசித்தானாம்! சத்யப்பிரியாவின் கணவனிடம் இதைப் படித்துக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பான்.)

மூன்றாவது தேறியது: அருள்செல்வனின் மொட்டை மாடியில் நான்கு டிஷ்கள் நின்றன. அந்த இடம் அவன் மனைவிக்கு வேண்டியிருந்தது.

2

அருள்செல்வன் பனியன் கம்பெனி ஒன்றில் மெக்கானிக். சத்யப்பிரியா அதே கம்பெனியில் சேம்பிள் டெய்லர். வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் போடும் முன் ஒரே ஒரு உருப்படி தைத்துக் காட்டச் சொல்வார்களே, அதைத் தைப்பவள். குழந்தை உடுப்புகளில் அவள் கை பேசும். "சொந்தமா எடமும் ரெண்டு மெஷினும் இருந்தா சேம்பிள் பூரா உங்களுக்கே தந்தர்றனுங்க" என்று ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வாக்குக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை இடத்தைப் பார்க்க வருவார். இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.

மாடியில் தகரக் கூரை போட்டால் போதும். ஆனால் அங்கே டிஷ்கள் நான்கு மூலைகளையும் பிடித்திருந்தன. ஒன்றில் முருகன் கோயில் அபிஷேகங்கள். ஒன்றில் சத்யப்பிரியா டிசைன் பார்க்கும் வெளிநாட்டு உடுப்புச் சேனல். ஒன்று அருள்செல்வனின் மாமியார்… இல்லை, அம்மா மருதம்மாளுக்கு. நான்காவதை அருள்செல்வன் இப்படியும் அப்படியும் திருப்பி, புதிதாக ஏதாவது சிக்கும் வரை தேடிக்கொண்டே இருப்பான். சிக்கினால் தெருவே கேட்கக் கத்துவான்.

(தகரத்தின் மேலேயே டிஷ்ஷை வைக்கலாமே? நீங்கள் எங்கள் ஊர் ஆடிக் காற்றைப் பார்த்ததில்லை.)

(போனில் பார்க்கலாமே? மருதம்மாளிடம் கேட்டேன். "போன்ல வர்றது போன்காரன் அனுப்புறதுங்க. இது ஆகாசத்துல இருந்து நேரா எங்கூட்டுக்கு வருதல்ல?" என்றார்.)

3

மருதம்மாள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அவரை முருகன் சேனல் பார்த்துக் கண்ணீர் விடுபவராக முதலில் எழுதியிருந்தேன். முருகனைக் கும்பிடும் செங்குந்தர் வீடு, வயதான அம்மா, பக்தி, கேட்காமலேயே எழுதிவிட்டேன். நேரில் போனபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தது பனிச்சறுக்குப் போட்டி.

"பாருங்க சாமி, அந்தச் செவப்புச் சட்டைக்காரன் உளுகப் போறான். நேத்தும் உளுந்தான். உளுந்து எந்திரிச்சுச் சிரிக்கறான் பாருங்க, நாய்க்குட்டியாட்ட!"

அந்தப் பத்தியை முழுக்க அடித்தேன். முருகன் சேனல் வீட்டுக்குப் பொது என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

4

அருள்செல்வனின் கூட்டாளி குணா மோட்டார் டிஷ்ஷோடு வந்தான். ஒரே கம்பம், ஒரே பெரிய டிஷ். பட்டனை அழுத்தினால் மோட்டார் தள்ள, கிழக்கிலிருந்து மேற்கு வரை எல்லாச் சாட்டிலைட்டையும் அதுவே போய்ப் பார்த்து வரும்.

"மாப்ளே, நாலு டிஷ்ஷையும் களட்டிப் போடு. இது ஒண்ணு போதும். தங்கச்சிக்கு மாடி பூராக் கெடைக்கும்."

"ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் பாக்காதில்ல?" என்றாள் சத்யப்பிரியா.

"பாக்காதுதான். ஊட்டுல இருக்கறது ஒரு டிவிதான தங்கச்சி?"

ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. பழைய நான்கையும் கழற்றி, ஒரு மூலையில் கம்பத்தை நட்டு, நூல் பிடித்து, புது டிஷ்ஷை ஏற்றினார்கள். அருள்செல்வன் பட்டனை அழுத்தினான். 'கிர்ர்' என்று டிஷ் மெல்லத் தலையைத் திருப்பியது. முருகன் வந்தார். இன்னும் திரும்பியது. உடுப்புகள் வந்தன. இன்னும் மேற்கே, பனி! மருதம்மாள் கை தட்டினார். அதற்கும் அப்பால், அவன் பார்த்தே இராத ஒரு சேனலில் யாரோ ஒட்டகத்துக்கு மூக்கணாங்கயிறு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சத்யா! ஒட்டகம்! சத்யா, ஓடியா!"

அவள் மாவுக் கையோடு மாடிக்கு ஓடினாள். அவள் பார்த்தது டிவியை அல்ல, காலியான மூன்று மூலைகளை. அங்கேயே நின்று ஒரு குதி குதித்தாள். (இதை அவள் சொல்லவில்லை. குணா சொன்னான்.)

5

திங்கட்கிழமை மருதம்மாள் பனிக்குப் பட்டனை அழுத்தினார். யாரோ அரபியில் செய்தி வாசித்தார். முருகனுக்கு அழுத்தினார். இருட்டு.

குணா வந்து எல்லா ஒயரையும் பிடித்துப் பார்த்தான். பிறகு கம்பத்தில் உள்ளங்கையை வைத்தான். முகம் மாறியது.

"மாப்ளே, உங்கூடு நடுங்குது!"

"எங்கூடா? சும்மா இருடா."

"கீள நிட்டிங் ஓடுதில்லடா! கைய வெச்சுப் பாரு!"

அருள்செல்வன் கை வைத்தான். கம்பம் சன்னமாக அதிர்ந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறான். மெஷின் அதிர்வைக் காதாலேயே கண்டுபிடிக்கும் மெக்கானிக் வேறு. ஆனாலும் மெஷின் ஓடாத ஒரே நாளில் கம்பம் நட்டிருக்கிறான். மோட்டார் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணித்தான் டிஷ் நிற்கும் இடம் ரிசீவருக்குத் தெரியும். அதிர்வில் அந்த எண்ணிக்கை குழம்பிவிட்டது.

"அடியில ரப்பர் குடுத்தா நிக்கலாம்" என்றான் குணா.

"நிக்குமா, நிக்கலாமா?"

"நிக்கலாம்."

6

இங்கே கதை இரண்டாகப் பிரிகிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

ரப்பர் வேலை செய்கிறது. எல்லோரும் ஒட்டகம் பார்க்கிறார்கள். (ரொம்பச் சுலபம். எனக்கே நம்பிக்கையில்லை.)

நான்கு டிஷ்களும் மூலைகளுக்குத் திரும்புகின்றன. சத்யப்பிரியா "பரவாயில்லீங்க" என்கிறாள். (அவள் அப்படிச் சொல்லமாட்டாள். பக்கத்தில் உட்காருபவள், எனக்குத் தெரியும்.)

உண்மையில் அவள் செய்தது என் இரண்டு முடிவுகளிலும் இல்லை. வெள்ளிக்கிழமை பேட்டர்ன் அட்டையில் பழைய டிஷ்களின் அளவுக்கு நான்கு வட்டங்கள் வெட்டினாள். மெஷின்களுக்கு இரண்டு கட்டம், கட்டிங் மேசைக்கு ஒரு நீளக் கட்டம். துணி வீணாகாமல் அட்டைகளை நெருக்கி அடுக்குவதுதானே அவள் தினமும் செய்யும் வேலை? மாடியையே துணியாக விரித்து, முட்டி போட்டு நகர்த்தினாள். வெயில் ஏறியது. வட்டங்கள் மூலையை விட்டு மேற்குச் சுவரோரம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டன. ஒன்று. இரண்டு. மூன்று!

நான்காவது, மேசைக்கான அட்டைமேல் ஒரு முழம் ஏறி நின்றது.

7

"முருகன் போகட்டும் கண்ணு" என்றார் மருதம்மாள். "அவரு கோயில்லயே இருக்காரு, போய்ப் பாத்துக்கலாம். பனிய நான் எங்க போய்ப் பாக்கறது?"

"அத்தை, கிருத்திகை அன்னிக்கு நீங்களே கேப்பீங்க."

"அப்ப உன்ற உடுப்புச் சேனல்?"

"அதப் பாத்துத்தானுங்க புதுசு புதுசாத் தைக்கறேன்!"

இருவரும் அருள்செல்வனைப் பார்த்தார்கள். நான்காவது வட்டம் அவன் கையில் இருந்தது. பெயரே இல்லாத டிஷ், தேடுகிற டிஷ். அதை விட்டுவிட்டால் கணக்கு சரி. இல்லையென்றால் குணாவின் ரப்பரை நம்பி மோட்டார் டிஷ்ஷை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய நான்கையும் விட்டுவிடலாம். அது ஏமாற்றினால் பனியும் முருகனும் உடுப்பும் சேர்ந்து போகும்.

தெருவில் தகரம் ஏற்றிய வண்டி வந்து நின்றது. "இறக்கலாங்களா?" என்று கத்தினார் டிரைவர்.

அருள்செல்வன் குனிந்து வட்டத்தை மறுபடி வைத்துப் பார்த்தான். அதே ஒரு முழம். நிமிர்ந்தான்.

"சத்யா, அந்த மேசைய—"

(இதற்கு மேல் அவர்கள் இருவரிடமும் கேட்டேன். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இரண்டையும் நம்புகிறேன், அதனால் நான் எழுதப் போவதில்லை. மேசையை அவன் என்ன செய்யச் சொன்னான் என்று நீங்கள் முடியுங்கள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே முடியுங்கள். சீக்கிரம், வண்டிக்காரர் இரண்டாவது முறை ஹாரன் அடித்துவிட்டார்.)