ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சுவர்

இப்போதெல்லாம் ஜனங்களுக்குக் கண்ணால் பார்த்தால் போதாது. போனில் பிடித்தால்தான் நடந்ததாக அர்த்தம். ஏரி உடைத்துக்கொண்டு தெருவுக்குள் தண்ணீர் வந்த அன்று, எதிர்வீட்டு ஆபிரகாம் அரிசி மூட்டையைத் தூக்கிப் பரணில் போடவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று வீடியோ எடுத்தான். மூட்டை ஊறிப்போனது. வீடியோ நன்றாக வந்ததாம்.

என் மருமகள் கவியாவும் அந்த ரகம்தான். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. வீட்டுக் கடன் அவள் பேரில் இருக்கிறது. கடனோடு ஒரு இன்சூரன்சும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். மகன் பெஞ்சமின் கம்பெனி வேன் ஓட்டுகிறான். வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

நான்கு நாள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்துவிட்டு, வடிந்ததும் திரும்பினோம். வீடு முழுக்கச் சேறு. நான் துடைப்பத்தை எடுத்தேன். கவியா பிடுங்கிக்கொண்டாள்.

"எதையும் தொடாதீங்க மாமா. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பாக்குற வரைக்கும் எல்லாம் கெடந்த மாதிரியே கெடக்கணும்னு போன்ல சொல்லிட்டாங்க."

"சேறுமா?"

"சேறும்தான்."

சேற்றோடு இருந்துவிடலாம். என் பயம் அடுப்படிச் சுவர். முன்பக்கம் இரண்டு அறை சிமெண்டு போட்டுக் கட்டியது. அடுப்படி மட்டும் பழசு. செங்கலை மண் வைத்து அடுக்கி, மேலே பூசிய சுவர். அது நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. மேலிருந்து கீழே விரல் நுழையும் விரிசல்.

நாற்பது வருஷம் கொத்து வேலை செய்தவன் நான். மண் சுவர் தண்ணீரில் நிற்கும்போது விழாது. வடிந்து, வெயில் அடித்துக் காயும்போதுதான் விழும். அப்பாசாமி என்று என்னோடு வேலை செய்தவன், செய்யூர் பக்கம் ஒரு வெள்ளத்துக்குப் பிறகு, நல்ல வெயிலில் சுவரில் சாய்ந்து பீடி பற்றவைத்தான். இரண்டாவது இழுப்பு இழுக்கவில்லை. கால் மட்டும் வெளியே தெரிந்தது.

எங்களுக்கும் வடிந்த மறுநாளே வெயில் சுள்ளென்று அடித்தது. மழை நின்றதே என்று தெருவே சந்தோஷப்பட்டது. நான் போய் விரிசலில் விரலை விட்டுப் பார்த்தேன்.

"இடிச்சிடறேன். இல்லாட்டி ரெண்டு சவுக்குக் கழி வச்சு முட்டாவது குடுக்கறேன்" என்றேன்.

"இன்னா நைனா பேஜாரு பண்ற?" என்றான் பெஞ்சமின். "இன்சூரன்ஸ்காரனுக்கு அனுப்பின போட்டோவுல ஒரு மாதிரி, நேர்ல ஒரு மாதிரி இருந்தா நம்மளையே திருடன்றுவான்."

அவர்களுக்குத் தெரியாமல் விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் சிமெண்டுப் பொட்டு வைத்தேன். சுவர் அசைந்தால் பொட்டு வெடிக்கும். மறுநாள் காலையில் மேல் பொட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. அதற்கடுத்த நாள் நடுப் பொட்டு.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் சும்மா இருந்தானா? தினம் ஒரு போட்டோ கேட்டான். மிக்ஸி, கிரைண்டர். கடைசியில் ஃபிரிட்ஜின் நம்பர். அந்த நம்பர் ஃபிரிட்ஜின் முதுகில் இருந்தது. ஃபிரிட்ஜ் அந்தச் சுவரை ஒட்டி இருந்தது. நகர்த்தக் கூடாதாம். கவியா உடம்பை ஒடுக்கிக்கொண்டு அந்தச் சந்துக்குள் நுழைந்தாள். அவள் முதுகு சுவரில் உரசியது. மண் பொலபொலவென்று உதிர்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"வெளிய வாம்மா!"

"கத்தாதீங்க மாமா, கை ஆடுது."

மூன்று தடவை எடுத்தாள். மூன்றாவது தடவைதான் நம்பர் தெளிவாக விழுந்ததாம். 

ஆறாம் நாள் சர்வேயர் வந்தான். வாசுதேவன் என்று பெயர். சின்ன வயசு. பாலிதீன் பை கட்டிய ஷூவோடு அடுப்படி வாசலிலேயே நின்றான்.

"தண்ணி நின்ன கோட்டுக்கிட்ட டேப்பைப் புடிங்கம்மா, அளவோட எடுத்துக்கறேன்."

கவியா போய் அந்தச் சுவரோரம் நின்று டேப்பைப் பிடித்தாள்.

"நீ போய்ப் புடியேன்" என்றேன் அவனிடம்.

"நான் போட்டோ எடுக்கணும் தாத்தா."

அப்போது டக்கென்று ஒரு சத்தம். கீழ்ப் பொட்டு. நான் ஓடிப்போய்க் கவியாவின் கையைப் பிடித்து இழுத்ததில் வளையல் உடைந்து ரத்தம் வந்துவிட்டது. சுவர் விழவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பெரியவருக்கு பயம்" என்று சிரித்தான் வாசுதேவன். "சாமானுக்கு எழுதிட்டேன். சுவர் நிக்குதே, அது முழுசா போச்சான்னு எஞ்சினியர்தான் சொல்லணும். பத்து நாள் ஆவும். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

பத்து நாள் வெயில். அந்தச் சந்துக்குள் இன்னும் எத்தனை தடவை அவளைப் போகச் சொல்வான்?

மறுநாள் இருவரும் வேலைக்குப் போனதும், ஆபிரகாம் வீட்டில் சவுக்குக் கழி வாங்கிவந்து கூரைத் தகட்டுக்கு முட்டுக் கொடுத்தேன். ஃபிரிட்ஜை இழுத்துத் தள்ளினேன். உள்பக்கம் நின்று கடப்பாரையைப் போட்டேன். முதல் குத்தில் விழும் என்று பின்னால் தாவினேன். விழவில்லை. பத்தாவது குத்திலும் விழவில்லை. வேர்த்து ஊற்றியது. ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் தோட்டப் பக்கம் சாய்ந்தது.

ஆபிரகாம் அதையும் வீடியோ எடுத்துக் கவியாவுக்கு அனுப்பியிருந்தான். அவளும் பெஞ்சமினும் மத்தியானமே வந்துவிட்டார்கள். வந்ததும் அவள் வாசுதேவனுக்குப் போன் போட்டாள்.

"சுவர் வுழுந்திடுச்சு சார்."

"தானா வுழுந்துதா, யாராவது இடிச்சீங்களா?"

சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். தானாக விழுந்தது என்று சொல்லச் சொல்லி அவள் உதடு அசைந்தது.

"நான்தான் இடிச்சேன்" என்றேன். "என் மருமவ மேல வுழற சுவரை நான் இடிச்சேன். எழுதிக்கோ."

 "அப்ப சுவருக்குப் பணம் வராதும்மா. சாமானுக்கு மட்டும்தான்." வைத்துவிட்டான்.

கவியா செங்கல் குவியல் மேல் உட்கார்ந்து அழுதாள். பெஞ்சமின் குவியலை உதைத்தான்.

"ஒரு மணி நேரம் கடப்பாரை போட்டிருக்க. இதுவா நைனா தானா வுழுற சுவரு? இன்னும் பத்து வருசம் நின்னுகினு இருக்கும். உன் பயத்துக்கு எங்க வூட்ட இடிச்சுட்ட."

"அப்பாசாமியும் நின்னுகினு இருக்கற சுவருன்னுதான் சாஞ்சான்."

"எப்பப் பாரு அப்பாசாமி, அப்பாசாமி!"

ஒரு செங்கலை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்த மண் இன்னும் ஈரம்; காயக் காயத்தான் விழுந்திருக்கும். அவனிடம் நீட்டினேன். வாங்கவில்லை. கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன். ஒரு மணி நேரமாம். கடப்பாரைக்கு விழாத சுவர் கவியா மேலும் விழாது என்று அந்தச் சுவர் அவனிடம் வந்து சொன்னதா?