சத்தம் வராத ஷட்டர்

சைரன் கத்தவில்லை. அதுதான் சத்யப்பிரியாவின் புகார்.

"பூட்டை அறுத்திருக்கான். பின்பக்க ஷட்டரைத் தூக்கியிருக்கான். புதுசா வாங்கி வச்ச மூணு தறி மோட்டாரையும் ஏத்திக்கிட்டுப் போயிருக்கான். உங்க பொட்டி பச்சை லைட்டைக் காட்டிக்கிட்டுச் சும்மா நின்னுருக்கு."

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் அந்தக் கம்பெனிக்கு அவள்தான் மேனேஜர். எட்டு மாதத்துக்கு முன்பு அங்கே அலாரம் மாட்டியவன் மாரிசெல்வம். அவள் போனை நீட்டினாள். முந்தின நாள் இரவு எட்டு பத்துக்கு அலாரம் ஆன். காலை ஆறு மணிக்கு ஆஃப். நடுவில் ஒரு மெசேஜும் இல்லை.

முன்கேட் காவல்காரர் இருளப்பசாமி தூணோரம் நின்றார். காலையிலிருந்து அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை போலிருந்தது.

சத்யப்பிரியா அவரைக் கைகாட்டினாள். "முதலாளி மூணு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறாரு. சந்தேகப்படுற ஆள்னு ஒரு பேரு எழுதணும். இவரு பேரா, உங்களோட வேலை பார்த்த ஜெர்வின் பேரா? அந்தத் தம்பி போன வாரம் இங்க வந்துச்சு. இனி சர்வீஸ நான் பாத்துக்கிடுதேன்னு கேட்டுச்சு. பின்பக்கமெல்லாம் சுத்திப் பாத்துச்சு."

மாரிசெல்வத்துக்கு அந்தப் பேரே போதுமாக இருந்தது. ஜெர்வின் இரண்டு மாதத்துக்கு முன்பு சொல்லாமல் கொள்ளாமல் விலகி ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாகத் தொழில் ஆரம்பித்தவன். எந்த ஒயர் எங்கே ஓடுகிறது என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவனான தான் திருடவில்லை என்று மாரிசெல்வத்துக்கு நிச்சயம்.

"ஒரு மணி நேரம் கொடுங்க. பேரோட வாரேன்" என்றான்.

*

ஜெர்வின் ஒரு பால்கோவா கடையில் ஏணிமேல் நின்று கேமரா மாட்டிக்கொண்டிருந்தான். கீழே அவன் பை வாய்திறந்து கிடந்தது. மாரிசெல்வம் குனிந்து துழாவினான். ஒயர் ஸ்ட்ரிப்பர், கிரிம்பிங் டூல், டெஸ்டர், டிரில் பிட் டப்பா, மீட்டர். அடியில் ஒரு ரம்பம். பிளேடு புதுசு. பல் மட்டும் மழுங்கியிருந்தது.

"என்னண்ணே, வந்ததும் பையில கைய விடுதீக? சாப்பாட்டு டப்பா வண்டியில இருக்கு."

"எதை அறுத்த?"

"தலைக்கு மேல பாருங்க. இரும்பு ஆங்கிள். காலையிலயிருந்து அதைத்தான் அறுத்துக்கிட்டுக் கெடக்கேன்."

மேலே ஆங்கிள் இருந்தது. வெட்டிய முனை பளபளத்தது. ஆங்கிளை இன்றைக்கு அறுத்தால் நேற்று பூட்டை அறுத்திருக்க முடியாதா என்ன? மாரிசெல்வம் பிளேடைக் கீழே வைக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னான். ஜெர்வின் ஏணியிலிருந்து இறங்கவில்லை.

"அப்போ களவாணிங்கீக."

"நான் சொல்லல. போன வாரம் அங்க எதுக்குப் போன?"

"வேலை கேட்டுப் போனேன். உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போகணுமோ?" ஒரு ஸ்குரூவை வாயில் கவ்வியபடி சொன்னான். பிறகு அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். "அலாரம் பேனலைத் திறந்து பாத்தீகளா?"

"எதுக்கு?"

"மீட்டர் வச்சிருக்கீகள்ல? மொதல்ல அதை வச்சுப் பாருங்க. பொறவு என்னைப் பாருங்க. அலாரம் மாட்டின அன்னைக்கு ஷட்டர் பக்கம் ஒத்தையில நின்னது யாரு, நானா?"

"நீயும் வா. ரெண்டு பேருமா பாப்போம்."

"நான் வர மாட்டேன். நான் தொட்டா, வந்து சரிபண்ணி வச்சுட்டான்ம்பீக."

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பார்வை கடைசியில் தன் கல்லாப்பெட்டிக்குப் போனது.

வர மறுப்பவனிடம் ஏதோ இருக்கிறது. வண்டியைத் திருப்பும்போது மாரிசெல்வம் பேரை முடிவு செய்துவிட்டான். பேனலைத் திறந்து பார்ப்பதெல்லாம் ஒரு சாட்சிக்காகத்தான்.

*

ஷட்டர் பாதி தூக்கியபடியே இருந்தது. ஷட்டரின் அடியில் காந்தம். சட்டத்தில் அதற்கு எதிரே ஒரு சென்சார். அங்கிருந்து இரண்டு ஒயர் சுவரோடு ஓடிப் பேனலுக்குப் போகும். ஷட்டர் மேலே போனால் அந்தச் சுற்று அறுந்து சைரன் கத்தும்.

பேனலில் அந்த இரண்டு ஒயரையும் கழற்றி மீட்டரை வைத்தான். ஷட்டர் திறந்திருக்கிறது. மீட்டர் பேசாமல் இருக்க வேண்டும்.

மீட்டர் கீச்சென்று கத்தியது.

வழியில் எங்கேயோ இரண்டு ஒயரும் ஒட்டியிருக்கின்றன. யாரோ சுரண்டி முறுக்கியிருக்கிறான். ஜெர்வின்தான். ஏணியை இழுத்துப் போட்டுச் சுவரில் ஓடிய பிளாஸ்டிக் கேசிங்கின் மூடியை நீளத்துக்கும் உரித்தான். சுரண்டல் இல்லை. முறுக்கு இல்லை. ஷட்டரிலிருந்து நாலாவது அடியில், கேசிங்கைச் சுவரோடு பிடித்த ஸ்குரூ ஒன்று ஒயரின் நடுவே இறங்கியிருந்தது. இரண்டு ஒயரையும் சேர்த்துக் கடித்திருந்தது. ஸ்குரூவின் தலையில் எட்டு மாதத்துத் துரு.

திருடன் அலாரத்தைத் தொடவே இல்லை. மாட்டிய நாளிலிருந்தே ஷட்டர் ஊமை.

ஆனால் ஒயர் இப்படி ஒட்டினால் பேனல் அப்போதே கோளாறு என்று காட்டியிருக்க வேண்டும். அதற்காகவே ஒரு சின்ன ரெசிஸ்டரை ஒயரின் கடைசி முனையில், சென்சார் பக்கம் வைப்பார்கள். இறங்கி வந்து பேனலை மறுபடி பார்த்தான். ரெசிஸ்டர் பேனலுக்குள்ளேயே இருந்தது. ஏணி ஏறச் சோம்பல்படுகிறவன் செய்கிற வேலை. அதன் காலில் நீல பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்கியிருந்தது. ஜெர்வின் கருப்பு டேப்தான் சுற்றுவான். நீல ஸ்லீவ் மாரிசெல்வத்தின் பழக்கம்.

பேனல் மூடியின் உள்பக்கம் தேதி. அவன் கையெழுத்து.

அது முனீஸ்வரிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். மனைவி இல்லாத வீட்டில் உட்கார முடியாமல் வேலைக்கு வந்த நாள். ஜெர்வின், "நீங்க செத்த நேரம் உக்காருங்கண்ணே" என்று சொன்னது நினைவிருந்தது. தான் உட்கார்ந்தானா, ஏணி ஏறினானா, நினைவில்லை. முதலில் டெஸ்ட் செய்து பச்சை லைட்டைக் காட்டிக் கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருக்கிறான். கேசிங்கை இறுக்கிய பிறகு மறுபடி ஒரு தடவை மீட்டர் வைக்க வேண்டும். வைக்கவில்லை.

ஜெர்வினுக்கு எவ்வளவு தெரியும்? எட்டு மாதமாக வாயைத் திறக்காமல் இருந்தானா? போன வாரம் பின்பக்கம் சுற்றியது இதைப் பார்க்கத்தானா? கேட்கலாம். உண்மையைச் சொல்வான் என்று எதை வைத்து நம்புவது?

சத்யப்பிரியா தாளும் பேனாவுமாக வந்தாள். மணி இரண்டே முக்கால்.

"பேரு?"

"ஜெர்வின் இல்ல. இருளப்பசாமி அண்ணாச்சியும் இல்ல. அலாரம் கத்தாதது என் வேலைல வந்த தப்பு. ஸ்குரூ ஒயர்ல இறங்கியிருக்கு. வேணும்னா என் பேர எழுதுங்க."

அவள் ஸ்குரூவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "மோட்டாரை யாரு எடுத்தது?"

"தெரியாது."

"இந்த ஷட்டர் கத்தாதுன்னு வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கே இப்பத்தான் தெரியும்."

"அப்படி நீங்க சொல்றீங்க." எழுதினாள். அவன் தகப்பன் பேரைக் கேட்டு எழுதினாள். தெருப்பெயரையும் எழுதினாள். "போலீஸ் வர்ற வரைக்கும் எங்கயும் போகக்கூடாது."

"போகல. ஸ்டேஷன்ல காட்ட அதை ஒரு போட்டோ எடுத்துக்கங்க. பொறவு புது ஒயர் இழுக்கேன். இன்னைக்கு ராத்திரிக்கு இது வேலை செய்யணும்."

அவள் போட்டோ எடுத்தாள். ஆனாலும் யோசித்தாள். "அண்ணாச்சி, இவரு பக்கத்துலயே நில்லுங்க. என்ன செய்றாருன்னு பாத்துக்கிட்டே இருங்க."

இருளப்பசாமி தூணை விட்டு வந்தார். ஏணியின் காலடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தார்.

"செய்யுங்க தம்பி. கையில நீலமா இருக்குதே, அது என்னது?"

"இதுதான் கடைசி முனையில இருக்கணும் அண்ணாச்சி."

"இருக்கணும்னா, வச்சதுக்குப் பொறவு எனக்கும் ஒரு தடவை காட்டுங்க."

மாரிசெல்வம் ஏறினான்.