மூன்றாம் கிண்ணம்

பிஸ்கட் கம்பெனியில் அக்காவுக்கு ருசி பார்க்கும் அறையில் நாற்காலி. பன்னிரண்டு வரை படித்தவள். எட்டாவதோடு நின்ற எனக்கு அதே கம்பெனியில் பொட்டலம் ஒட்டும் வேலை. நின்றுகொண்டேதான் ஒட்ட வேண்டும்.

அந்த அறையில் பேசக் கூடாது. ஐந்து கிண்ணம், ஒரு டம்ளர் வெந்நீர், ஒரு அட்டை. மென்று துப்பிவிட்டு, எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மட்டும் சூப்பர்வைசர் கெட்டுப்போன ஒன்றையும் நடுவில் கலந்து வைப்பார். கண்டுபிடிக்காதவர்கள் நாற்காலியை விட்டு எழ வேண்டியதுதான்.

"எல்லாத்துக்கும் 'நல்லா இருக்கு'ன்னே எழுதுறேனாம், சூப்பர்வைசர் திட்டுறாரு. ருசின்னா என்னன்னு அகராதியில பாத்துட்டு வரணுமாம்" என்று அக்கா ஒரு நாள் தடிப் புத்தகத்தைக் கட்டிலில் எறிந்தாள்.

அவள் பிரிக்கவில்லை. நான் பிரித்தேன். ருசி என்றால் சுவை, விருப்பம். வடமொழிச் சொல்லாம். அதன் வேருக்கு ஒளிர்தல் என்று பொருளாம்.

உடைந்த பிஸ்கட்டுகளைத் தின்று பார்த்து நோட்டில் எழுதுவது என் பழக்கம். அன்று எழுதினேன்: 'வாய்க்குள் யாரோ சுவிட்சைப் போட்டதுபோல் இருந்தால் ருசி. இல்லாவிட்டால் வெறும் தீனி.'

இரண்டே நாளில் அந்த வரி கம்பெனி முழுக்கப் பரவியது.

"உங்கக்கா என்னமா எழுதியிருக்கா! கூடப் பொறந்தவதானே, உனக்கு அதுல கால்வாசி இருக்கா?" என்றாள் பக்கத்தில் ஒட்டுகிறவள்.

தலையணை உறைக்குள் ஒளித்த நோட்டு அது. திருடினதுகூடப் போகட்டும். என் வரியின் மேல் அவள் உட்கார்ந்திருக்கிறாள், நான் நிற்கிறேன்.

வியாழக்கிழமை எங்கள் மேசையடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் பெட்டியை எடுத்து, சாக்பீஸால் '3' என்று போட்டு ருசி பார்க்கும் அறைக்குக் கொண்டு போனார்கள். சிந்திய துண்டைக் கடித்துப் பார்த்தேன். ஒரே காறல். வீட்டில் நோட்டைப் பிரித்து எழுதினேன்: 'நாளைக்கு மூன்றாம் கிண்ணம் வெண்ணெய் மணம். வாய் நிறைய வெளிச்சம்.'

மறுநாள் காலை அக்கா பால் குடித்து டம்ளரைக் கவிழ்த்தாள். அடுத்து ஒரு வாய் குடித்த அம்மா துப்பினாள்.

"ஐயையோ, திரிஞ்சுபோச்சுடி! முழுசாவா குடிச்ச? அது நாக்கா, செருப்பா?"

சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறவள் காய்ச்சல் விட்ட இந்த மூன்று வாரமாகக் குறை சொல்ல வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

படியிறங்கும்போது கேட்டேன். "காய்ச்சலுக்கு அப்புறம் ருசியே தெரியலையா?"

"ம். மண்ணைத் தின்னாலும் ஒண்ணுதான். யார்கிட்டயும் சொல்லிடாதடி. வேற வழி தெரியாமத்தான் உன் நோட்ட..."

நோட்டு என்றதும் மறுபடி கோபம் மூண்டது. கேட் வரை அவளுக்கு முன்னால் நடந்தேன். அங்கே அவள் ஒரு பக்கம் பிரிய வேண்டும், நான் ஒரு பக்கம்.

"அக்கா, மூணாவது காறல். நான் எழுதினது பொய்."

"தெரிஞ்சேவா எழுதின?"

"ம்."

"ஏன்டி?"

"நீ உக்காந்திருக்க."

அவள் உள்ளே போனாள்.

மதியம் செய்தி வந்தது. அக்கா ஒருத்திதான் கண்டுபிடித்தாளாம். "உங்கக்கா நாக்கு தங்கம்டி. கழுதைங்களுக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்று பக்கத்தில் ஒட்டுகிறவள் என்னை இடித்தாள்.

உடைந்த துண்டு ஒன்றை வாயில் போட்டேன். பளிச்சென்று இருந்தது. அவளிடம் இல்லாமல் என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். இனி இதையும் தினமும் அவளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.