மூன்றடுக்குச் சோதனை ஓட்டம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். புது லிஃப்டில் மனிதர்களை ஏற்றுவதற்கு முன்னால் அவர்கள் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி, மேலும் கீழுமாக விட்டுப் பார்த்து, அப்புறம்தான் கையெழுத்துப் போடுவார். அந்தப் புத்தியை ஆபீசிலேயே விட்டுவிட்டு வருவார் என்று நம்பித்தான் கல்யாணம் செய்துகொண்டேன். வீட்டுக்கு நாற்காலி வாங்கினாலும் அதில் முதலில் உட்காருவது மூட்டைதான். அதனால் கார் வாங்குவது என்று முடிவானதும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கேக் செஞ்சு தருவ?"

நான் கேக் செய்து விற்கிறவள். கல்யாணங்களுக்கான அடுக்குக் கேக். செய்வது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் உயிர் போய் உயிர் வரும். எங்கள் பழைய செடானை அவர் ஓட்டுவார். அதன் கிளட்ச் அவர் காலுக்கு மட்டும்தான் கட்டுப்படும் என்பது அவர் கட்சி. நான் பின்சீட்டில் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூடியையே முறைத்துக்கொண்டு போவேன். இத்தனை வருடத்தில் இந்த ஊரின் கடைகளோ மரங்களோ எனக்குப் பழக்கமில்லை. மேடு பள்ளம் மட்டும் அத்துப்படி.

அந்தக் கார் தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வரும். ஆயில் மாற்றுவதும், டயர்களை முன்பின்னாக மாற்றிப் போடுவதும், பேட்டரி முனையைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்ப்பதுமாக அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஆனாலும் அதன் ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது. போன மாதம் ஒரு கேக் இடுப்பு பிடித்துக்கொண்டதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் சாய்ந்த பக்கத்தைச் சுவர்ப்புறம் திருப்பிவைத்துவிட்டு ஓடிவந்தோம்.

இந்த நிலையில்தான் பெரிய ஹோட்டலில் இருந்து அழைப்பு வந்தது. விருந்து மண்டபங்களைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு மூணடுக்கு கொண்டு வாங்க. நிமிர்ந்து வந்து நின்னா, வருஷம் முழுக்க எங்க கல்யாணக் கேக் எல்லாம் உங்களுக்கு. சாய்ஞ்சு வந்தா, சாப்பிட்டுட்டு நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பிடுவேன்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு அந்த ஆர்டர் வேண்டும். அவ்வளவு ஆசையாக நான் எதையும் விரும்பியதாக ஞாபகமில்லை.

வீட்டுக்காரர் பழைய கார்கள் விற்கும் கடையில் இரண்டு செடான்களைப் பொறுக்கி வைத்திருந்தார். உயரமான வண்டிகள் வளைவில் ஆடுமாம், செடான்தான் தரையோடு ஒட்டிப் போகுமாம். ஒன்று சாம்பல் நிறம், ஒன்று சிவப்பு. மைலேஜ், டிக்கியின் ஆழம், உதிரிபாகம் கிடைக்கிற வசதி என்று அவர் மனக்கணக்கில் சாம்பல் நிறம் எப்போதோ ஜெயித்துவிட்டது. ஆனாலும் சோதிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஜென்மமா அது?

ஆகவே சனிக்கிழமை காலையில் மூன்று கேக் தயார். இரண்டு, மணல் மூட்டைக்குப் பதில். உடைந்த கேக் துண்டுகளை அடுக்கி, அதே எடை, அதே உயரம், மேலே வெறும் க்ரீம். மூன்றாவதுதான் ஹோட்டலுக்கு. விடியவிடிய உட்கார்ந்து சர்க்கரையில் செய்த பூக்களைச் சுற்றிலும் வைத்திருந்தேன். மூன்றும் ஒரே மாதிரி வெள்ளை அட்டைப்பெட்டிகள். ஹோட்டல் பெட்டியின் மூடியில் மட்டும் ஒரு நீலத் துண்டுத்தாளை ஒட்டினேன். ஹோட்டல், கார் கடைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சோதனை முடிந்ததும் பழைய காரிலேயே ஊர்ந்துபோய்க் கொடுத்துவிடுவது என்று திட்டம்.

மதியம் கடையில் எங்களைக் கவனித்தவர் வழுக்கைத் தலையும் பெரிய மீசையுமான ஒரு விற்பனைக்காரர். எதைக் கேட்டாலும் "கண்டிப்பா மேடம்" என்பார். ஏசி ஓடுமா? கண்டிப்பா. கீறல் போகுமா? கண்டிப்பா. ஐந்து நிமிடத்தில் எங்களுக்குள் அவர் பெயரே கண்டிப்பா ஆகிவிட்டது. பெட்டிகளைக் கடையின் ஏசி அறையில் மேஜைமேல் வரிசையாக வைத்தோம். வீட்டுக்காரர் மூன்றின் மூடியையும் திறந்து, சோதனைக்கு முந்தைய நிலை என்று போட்டோ எடுத்துக்கொண்டார். நான் அந்த நேரம் சாம்பல் நிறக் காரில் சீட்டைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால், ஓட்டப்போவது நான்.

"ரசமட்டத்தை நான் பார்த்தாகணும். ஓட்டிக்கிட்டே அதைப் பார்க்க முடியாது. நீ ஓட்டு," என்றார்.

"நானா? லைசென்ஸ் எடுத்ததோட சரி!"

"நல்லதுதான். கரடுமுரடா ஓட்டுவ. சோதனைக்கு அதுதான் வேணும்."

இந்த மனிதரோடு சண்டை போடவும் அப்போது நேரமில்லை. பக்கத்து சீட்டைப் பின்னால் தள்ளி, அதன் காலடியில் ரப்பர் விரித்துப் பெட்டியை வைத்தோம். மூடியின்மேல், சாய்வைக் குமிழியால் காட்டுகிற அந்த ரசமட்டம். பின்சீட்டில் இவரும் கண்டிப்பாவும். சாவியைத் திருப்பினேன்.

சாம்பல் நிறக் கார் மெத்தைபோல இருந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியதே தெரியவில்லை. "பார்த்தியா, பார்த்தியா," என்று இவர் பின்னால் பூரித்தார். வளைவில்தான் அது லேசாக அசைந்து கொடுத்தது. நானோ ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி மூச்சுவிடவும் மறந்திருந்தேன். கடைக்குத் திரும்பி மூடியைத் திறந்தால், மேலடுக்கு கோணலாகத் தொப்பி போட்டதுபோல நழுவி உட்கார்ந்திருந்தது.

இவர் முகம் சுருங்கியது. "சரி, அடுத்தது," என்றார்.

அடுத்த பெட்டி சிவப்புக் காருக்குப் போனது. சீட் துணி வெளுத்திருந்தது, ஸ்டீயரிங் கொஞ்சம் முரடு. ஆனால் காலை வைத்ததும் வண்டி என் பேச்சைக் கேட்டது. எனக்குச் சட்டென்று பயம் விட்டுப்போய்விட்டது. முதல் வேகத்தடையைத் தடதடவென்று தாண்டினேன். எலும்பெல்லாம் குலுங்கியது.

"மட்டம் எப்படி?"

"நடுவுலயே நிக்குது! இன்னும் வேகமா!"

விட்டேன் பாருங்கள்! ரவுண்டானாவை இரண்டு தடவை சுற்றினேன். கடைகள் ஓடின, மரங்கள் ஓடின, ஒரு முழுத் தெருவும் எனக்காகவே திறந்துவிட்டதுபோல இருந்தது. "பிரேக்!" என்று இவர் கத்தினார். ஏறி மிதித்தேன். கண்டிப்பா முன்சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, பயமா இருக்கா?"

"கண்டிப்பா மேடம்!"

நான் "ஹோ" என்று கத்திச் சிரித்தேன். கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போதும் சிரிப்பு அடங்கவில்லை. இறங்கிப்போய்ப் பக்கத்துக் கதவைத் திறந்து, மூடியைத் தூக்கினேன்.

உள்ளே பூ இருந்தது.

சோதனைக் கேக்குகளுக்கு நான் பூ வைக்கவே இல்லை. ஏசி அறைக்கு ஓடி, நீலத்தாள் ஒட்டிய பெட்டியைத் திறந்தேன். அதில் பூவில்லாத, உடைந்த துண்டுகளாலான மணல் மூட்டை சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"மூடியை மாத்தி வச்சீங்களா?"

இவர் போனை எடுத்துப் போட்டோக்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மூடியெல்லாம் ஒரே மாதிரிதானே இருந்துச்சு..."

"அதுக்குத்தானே நீலத்தாளு ஒட்டினேன்! ஊர்ல இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் கையெழுத்துப் போடுறவரு, ஒரு மூடியைப் பார்த்துப் போட மாட்டீங்களா? என் ஆர்டரை வச்சு ரவுண்டானா சுத்த வச்சுட்டீங்களே!"

என்னென்ன சொன்னேனோ, அதையெல்லாம் எழுத முடியாது. கண்டிப்பா சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். நான் மூச்சுவாங்கிக்கொண்டு மறுபடி காருக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். மூன்று அடுக்கும் நிமிர்ந்து நின்றன. க்ரீமில் விரிசல் இல்லை. ஒரே ஒரு பூவிதழ் மட்டும் உடைந்திருந்தது.

மணி நான்கை நெருங்கிக்கொண்டிருந்தது.

"இது இந்த வண்டியை விட்டு இறங்காது. இப்படியே ஹோட்டலுக்குப் போறோம்," என்றேன்.

"மேடம், சோதனை ஓட்டம்னா இந்த ஒரு சுத்துதான். முதலாளி திட்டுவாரு."

"அண்ணா, மிச்சமிருக்கிற கேக் முழுசும் உங்களுக்கு."

அவர் மீசையை நீவினார். "பிள்ளைங்க மூணு பேரு மேடம் எனக்கு. ஏறுங்க."

இந்த முறை நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். சைக்கிள்கள் எங்களை முந்திப் போயின. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். கண்டிப்பா கண்ணாடியை இறக்கி, "உள்ள கேக்கு! உள்ள கேக்கு!" என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்காரர் ரசமட்டத்தையே பார்த்துக்கொண்டு வாய்திறக்கவில்லை. வாய் திறந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மேனேஜரம்மா மண்டபத்தில் காத்திருந்தார். கேக்கை மேஜையில் வைத்ததும் நான்கு பக்கமும் சுற்றி வந்தார். குனிந்து அடுக்குகளின் விளிம்பைக் கண்ணால் அளந்தார். பிறகு, நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத நேரத்தில், மேஜையை இடுப்பால் ஓர் இடி இடித்தார். நான் இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். கேக் அசையவில்லை.

"சரி," என்றார். "அடுத்த சனிக்கிழமையில இருந்து ஆரம்பிங்க. வாராவாரம் வரணும்."

எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. இருக்கிற இடம் கருதி, வீட்டுக்காரர் கையைப் பிடித்து நெரித்தேன். அவ்வளவு நேரத் திட்டுக்கும் சேர்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாசல் காவல்ல சொல்லி வைக்கணும். எந்த வண்டியில வருவீங்க?" என்றார் மேனேஜரம்மா.

இவர் தொண்டையைச் செருமினார். "அது இன்னும் முடிவாகலைங்க. இன்னைக்கு நடந்த டெஸ்ட் செல்லாது. ஹோட்டல் கேக்குல இவ நடுவுல ஒரு கம்பி குத்தி வச்சிருக்கா. சோதனைக் கேக்குல அது இல்ல. அதனாலதான் அது நழுவுச்சு, இது நின்னுச்சு. ரெண்டு வண்டிக்கும் ஒரே பாரம் வைக்கல. முறைப்படி பார்த்தா, மறுபடியும் ஒரு கேக்கை வச்சு..."

"சார், அந்தக் கேக் எனக்குக் குடுத்தாச்சு," என்றார் கண்டிப்பா அவசரமாக.

இவர் சொன்னது அத்தனையும் உண்மைதான். சோதனைக் கேக்குதானே என்று நான் கம்பி வைக்கவில்லை. சிவப்புக் கார் எதையும் நிரூபிக்கவில்லை. சாம்பல் நிறக் காரிலும் இந்தக் கேக் இப்படியே வந்து நின்றிருக்கும்.

"சிவப்பு," என்றேன் மேனேஜரம்மாவிடம். "சிவப்பு செடான்."

"ஓட்டுறது யாரு?"

இவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "நான்தான்."

வெளியே வண்டி நின்ற இடத்துக்கு வந்தோம். இவர் நின்றார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. மைலேஜ்ல சாம்பல்தான் மேல. டிக்கியிலயும் அதுதான். டெஸ்டும் செல்லாது. அப்புறம் எதை வச்சு சிவப்புங்கிற?"

"ரவுண்டானாவுல நான் கத்தினேன்ல?"

"ஆமா."

"இத்தனை வருஷத்துல நான் கார்ல அப்படிக் கத்தியிருக்கேனா?"

அவர் யோசித்தார். சோதனை முடிவை யோசிக்கிற அதே முகத்தோடு, வெகுநேரம் யோசித்தார். பிறகு ரசமட்டத்தைக் கண்டிப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, முன்கதவைத் திறந்து, கேக் இருந்த இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னொரு சுத்து போ," என்றார். "இந்தத் தடவை நான் உன்னைப் பார்த்துக்கிட்டு வரேன்."